கீழ்க்கட்டளை கேன்சல்

மே மாதத்து மழை... சொல்லாமல் கொள்ளாமல் வந்து, சேலையூர் கேம்ப் ரோட்டில் நடந்துகொண்டிருந்த அத்தனை பேரையும் கடை ஓரங்களுக்குத் துரத்தியது.

ஜீவிதா ஓடிவந்து பேக்கரி வாசலில் ஒதுங்கினாள். பத்தடி தள்ளி மாடிப்படி. ஏறினால் அவளுடைய அலுவலகம். ஆனால் அந்தப் பத்தடிக்குள் தொப்பலாகிவிடுவாளே...

"இந்தப் பக்கம் வாங்க. அங்க ஒழுகுது."

திரும்பினாள். நெடுநெடுவென்று ஒருத்தன். ஹெல்மெட்டைக் கழற்றிய தலையில் முடி எட்டுத் திசைக்கும் நின்றது. ஆனால் அந்தக் கண்கள்... சிரிப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்று தேடிக்கொண்டே இருக்கும் கண்கள். பாவி, இப்படியா பார்ப்பது!

அவன் கையில் இரண்டு தேங்காய் பன். ஒன்றை நீட்டினான்.

"சூடா இருக்கு, சாப்பிடுங்க. சண்டை போடப் போறோமே, தெம்பா இருக்கட்டும்னு ரெண்டு வாங்கினேன்."

"யார்கூட சண்டை?"

"மேல ஒரு ஹோம் சர்வீஸ் இருக்குல்ல? அங்க ஒரு மேடம். என் ஐந்நூறு ரூபாயை முழுங்கிட்டு, போன்ல ஜட்ஜு மாதிரி பேசுறாங்க. சிரிச்சே பழக்கம் இருக்காது போல!"

பன் ஜீவிதாவின் தொண்டையில் நின்றது. அடடா... இவன்தானா அவன்? கீழ்க்கட்டளையில் தன் வீட்டு வேலையைக் கடைசி நேரத்தில் ரத்து செய்ததிலிருந்து, அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே 'கீழ்க்கட்டளை கேன்சல்'!

"அவங்க வெளிய போயிருக்காங்க" என்றாள், முகத்தை மழைப்பக்கம் திருப்பிக்கொண்டு. "அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்க."

சொல்லிவிட்டு, நனைந்தால் நனையட்டும் என்று ஒரே ஓட்டம்.

அவன் மெதுவாகப் பன்னைத் தின்று முடித்து மேலே வந்தபோது, 'பளிச் ஹோம் சர்வீஸ்' பலகைக்குக் கீழே, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மிஸ்டர் ஜோஸ்வின். தெம்பா இருக்கீங்களா?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனாலும் ஆள் கெட்டிக்காரன். நாக்கைக் கடித்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்தும்விட்டான்.

"முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ரத்து பண்ணினா, முன்பணம் ரெண்டு நாள்ல திரும்பும்" என்று சுவரிலிருந்த அறிவிப்பைக் காட்டினாள் ஜீவிதா. "நீங்க அன்னிக்குக் காலையில ஏழே முக்காலுக்குப் பண்ணினீங்க. என் ஆளுங்க பக்கெட்டோட உங்க தெருமுனைக்கே வந்துட்டாங்க."

"நான் என்னங்க பண்றது? தரைக்கடியில இருக்கற சம்பைக் கழுவணும்னா அது காலியா இருக்கணும். திங்கட்கிழமை வரவேண்டிய தண்ணி லாரி சனிக்கிழமையே வந்து நிக்குது. எங்க தெருவுல, மே மாசத்துல, வந்த லாரியை எவனாவது திருப்பி அனுப்புவானா? நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள எங்கம்மாவே ஹோஸை இழுத்து உள்ள போட்டுட்டாங்க. பன்னிரண்டாயிரம் லிட்டர்!"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"அந்த ஐந்நூறு என்கிட்ட இல்லைங்க. மாரி அண்ணனுக்குப் பாதி, செல்வம்மாள் அக்காவுக்குப் பாதி குடுத்தாச்சு. அன்னிக்கு அவங்களால வேற வேலைக்கும் போக முடியல."

தொழில் தொடங்கிய வருடம் இப்படித்தான் ஒரு வீட்டில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். காலிப் பக்கெட்டுகளோடு பஸ் ஏறி வந்த இருவருக்கும் கொடுக்க ஜீவிதாவிடம் எதுவும் இல்லை. 'பரவால்ல பாப்பா' என்றாள் செல்வம்மாள். அந்தப் 'பரவால்ல'யை ஜீவிதாவால் தாங்க முடியவில்லை. மறுநாளே எழுதி ஒட்டியதுதான் அந்த அறிவிப்பு.

அதையும் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை...

ஜோஸ்வின் அந்த அறிவிப்பை இன்னொரு முறை படித்தான். பிறகு, "இதையும் சேர்த்து அங்க எழுதியிருக்கலாமே? நான் சண்டைக்கே வந்திருக்க மாட்டேன்" என்றான். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தான். "நல்லவேளை... எழுதலை."

போகும் முன் அடுத்த சனிக்கிழமைக்குப் புதிதாக ஐந்நூறு கட்டியிருந்தான்.

வியாழக்கிழமை மாலை செய்தி வந்தது. 'மேடம், நாளைக்கு லாரி வருதாம். சனிக்கிழமை ரத்து. ஆறு மணிக் கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் முழுசா இருக்கு. ரூல்படி கரெக்டா?'

தனியாகச் சிரித்தாள். பணத்தைத் திருப்பி அனுப்பப் போனை எடுத்தாள். தொகையை அடித்தாள். அழுத்த வேண்டியதுதான் பாக்கி. கட்டைவிரல் நகரவில்லை...

அனுப்பிவிட்டால்? அவனுக்கும் அவளுக்கும் நடுவில் வேறு என்ன இருக்கிறது? கேட்கட்டுமே. கேட்டால் அந்தச் சாக்கில் இரண்டு வார்த்தை பேசலாம். தானாக முதலில் பேசுவதா? அதற்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

இரண்டு நாள் போயிற்று. ஐந்து நாள் போயிற்று. அவனும் கேட்கவில்லை.

"இன்னா பாப்பா" என்றாள் செல்வம்மாள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தபடி. "அல்லாருக்கும் அரை மணில துட்ட அனுப்பிடுவ. இந்த ஆளுக்கு மட்டும் இன்னா ஸ்பெஷலு?"

"மறந்துட்டேன்க்கா."

"மறந்துட்டியா? போனை கையிலயே வச்சிகினு பாத்துகினே கீற... இதான் மறக்கறதா?"

எட்டாம் நாள் ஒரு அழைப்பு.

"ஜோஸ்வினோட அம்மா ஞானம்மாள் பேசறேன்மா. கேட்காதம்மான்னு பையன் சொல்றான். அவன் சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனிக்கு ஷிஃப்ட் போனப்புறம் பேசறேன். அந்த ஐந்நூறு... உங்க கம்பெனியில திருப்பித் தர்ற வழக்கம் இல்லையாம்மா?"

ஜீவிதாவுக்குக் காதெல்லாம் சுட்டது. மூன்று வருடத்தில் ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. தன் ஆசைக்காகத் தொழிலின் பெயரையே கெடுத்துக்கொண்டாளே! அவனும் இப்படித்தானே நினைத்திருப்பான்? ஏமாற்றுக்காரி என்று முகம் திருப்பிக்கொண்டால்...

"தப்பு என் மேலதாம்மா. நானே கொண்டுவந்து தர்றேன்."

"சரி, சரி, அழுதுடாதே. சம்ப்ல ஒரு சாண் தண்ணிதான் இருக்கு. லாரி திங்கட்கிழமைதான் வரும். சனிக்கிழமை வந்து கழுவியும் குடுத்துடு."

சனிக்கிழமை காலை, லோடு ஆட்டோவில் மாரிக்கும் செல்வம்மாளுக்கும் நடுவில் ஜீவிதாவும் ஏறி உட்கார்ந்தாள். கையில் ஒரு கவர்.

வாசலில் ஜோஸ்வின் நின்றான். வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலெல்லாம் சேறு. சம்பின் கடைசித் தண்ணீரையும் அவனே இறைத்து முடித்திருந்தான்.

"இந்தாங்க" என்று கவரை நீட்டினாள். "போன வாரமே குடுத்திருக்கணும். ஸாரி."

அவன் வாங்கவில்லை. "ஏன் குடுக்கலை?"

"நீங்க ஏன் கேட்கலை?"

அவன் வாயைத் திறந்தான். பாம்... என்று தெருவே அதிர ஒரு ஹாரன்.

தண்ணீர் லாரி! திங்கட்கிழமை வரவேண்டியது, வழக்கம்போல் சனிக்கிழமையே வந்து நின்றது. பக்கெட்டைத் தூக்கிய மாரி அப்படியே கீழே வைத்தார். "போச்சுடா" என்றாள் செல்வம்மாள். ஜீவிதாவின் கண்கள் குளமாயின. இன்றைக்கும் ரத்தா? கவரை அவன் கையில் திணித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானா?

டிரைவர் ஹோஸை இழுத்தார்.

"வேணாம்ண்ணா" என்றான் ஜோஸ்வின். "பக்கத்து வீட்டுக்கு விடுங்க."

டிரைவர் ஹோஸைக் கீழே போட்டார்.

"இன்னா சார், தண்ணி வோணாமா? அடுத்த லோடு புதன்கிழமதான்!"

ஞானம்மாள் குடத்தோடு ஓடிவந்தார். "டேய், பைத்தியமாடா உனக்கு? நாலு நாளைக்கு என்னடா பண்ணுவ?"

"அந்தக் குடத்துல வச்சு ஓட்டிக்கலாம்மா." அவன் கண்கள் ஜீவிதாவை விட்டு நகரவில்லை. "இவங்களை இன்னொரு தடவை கேன்சல் பண்ண என்னால முடியாது."

பக்கத்து வீட்டுக்காரர் மனம் மாறுவதற்குள் ஹோஸைத் தன் வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஞானம்மாள் மகனைப் பார்த்தார். ஜீவிதாவைப் பார்த்தார். "ஓஹோ... அதான் கேட்காதன்னானா!" என்று முணுமுணுத்துக்கொண்டே குடத்தோடு உள்ளே போனார்.

"கேட்டா குடுத்துடுவீங்களே" என்றான் அவன், மெதுவாக. "அப்புறம் எந்தச் சாக்குல உங்களைப் பார்க்க வர்றது? பேக்கரி வாசல்லயே புடிச்சுப்போச்சுங்க. பன்னோட போகும்னு நினைச்சேன். போகலை."

மே மாத வெயிலிலும் அவளுக்குச் சிலிர்த்தது.

"எனக்கும்தான்... குடுத்துட்டா நீங்க கேட்க வரமாட்டீங்கன்னுதான் குடுக்கலை. உங்களை எனக்கும் புடிச்சிருக்கு." சொல்லிவிட்டுக் கவரை மடித்துத் தன் கைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். "இது என்கிட்டயே இருக்கட்டும். இனிமே ரத்து பண்ணினா திரும்ப வராது. ஆறு மணிக்கு முன்னாடி பண்ணினாலும் சரி."

"தராதீங்க" என்றான் ஜோஸ்வின். "எப்பவும் தராதீங்க."