ஒன்பது காலிக் குழிகள்

நோட்டில் மூன்று என்று எழுதியிருந்தது. எழுதியவள் ஜெசிதான். எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்பதைத் தினமும் காலையில் கட்டம் போட்டு எழுதச் சொல்லியிருந்தார் விழுப்புரம் டாக்டரம்மா. ஒன்பது நாளுக்கு முன்னால் எட்டு. அப்புறம் ஏழு, ஆறு, ஐந்து, நாலரை. இன்றைக்கு மூன்று. கணக்கில் பிசகியிருப்பேனோ என்று விரல்விட்டு இரண்டு தரம் எண்ணினாள். பிசகவில்லை. மூன்று மணி நேரமே தூங்கிய உடம்பில் துளி அலுப்பும் இல்லை என்பதுதான் அவளை உறுத்தியது.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. திண்டிவனத்தில் அவர்கள் குடியிருந்த தெருவில் யாரோ மல்லாட்டைக் கடலை வறுத்தார்கள். எப்போதும் வந்தது தெரியாமல் போய்விடும் அந்த வாசனை இன்றைக்குக் கருகிய தோல், சூடான மணல், இரும்புச் சட்டி என்று தனித்தனியாகப் பிரிந்து மூக்கில் வந்து உட்கார்ந்தது. குழாயில் சொட்டும் நீர் பக்கெட்டைத் தொடுமுன்பே காதில் விழுவது போலிருந்தது. சுவரில் ஜன்னல் கம்பிகளின் நிழல் பிளேடால் அறுத்து வைத்தாற்போல் கூராகக் கிடந்தது. எல்லாமே அழகாக இருந்தன. அந்த அழகுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவளுக்கு இது பழக்கப்பட்ட அழகு. நாலு வருஷத்துக்கு முன்னால், 2010 தவக்காலத்தில், இருபது நாள் இப்படித்தான் இருந்தாள். தூங்காமல் ஜெபம் செய்தாள்; அவள் தலையில் கை வைத்தால் சுரம் விட்டுப்போகிறது என்று தெருவே பேசியது; அனந்தபுரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மடங்கிய முட்டியோடு உட்கார்ந்தபடியே நகர்ந்துகொண்டிருந்த மாமியார் சவுரியம்மாள் அந்த நாட்களில் எழுந்து கோயில்வரை நடந்தாள். வீட்டில் அதற்கு அருள் என்று பெயர். அருள் போனபின் ஜெசி பதினான்கு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். இரண்டு தரம் உயிரை விடப் பார்த்தாள். இரண்டாம் தரம் பிழைத்தது பெரும்பாடு. அவள் படுத்ததும் மாமியாரும் பழையபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வருஷம் மறுபடி சோர்வு வந்தபோதுதான் விழுப்புரத்தில் அவளை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்தார்கள். டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். உள்ளே கண்ணுக்கு நேராக முகங்கள் வந்து வந்து போயின. அழுகிற முகம், சும்மா இருக்கிற முகம், சிரிக்கிற முகம். முடிந்ததும் விளக்கினார். சோர்வில் இரண்டு வகை உண்டு. ஒன்று கீழே மட்டும் இழுப்பது, மற்றது கீழும் மேலும் இழுப்பது. படுத்துக் கிடக்கும்போது பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். சிரிக்கிற முகத்தைப் பார்த்தபோது இவள் மூளை நடந்துகொண்ட விதம் இரண்டாவது வகையைப் போல இருக்கிறது. ஆனால் படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டமுடியாது. காரணமில்லாமல் சந்தோஷமாக, தூக்கமே இல்லாமல் எப்போதாவது இருந்தாளா என்று கேட்டார். ஜெசி அந்த இருபது நாளையும் அழுதுகொண்டே சொன்னாள். கணவன் அமிர்தசாமி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

டாக்டரம்மா சோர்வுக்கென்று முதலில் எழுதியிருந்த பழைய மாத்திரையை நிறுத்திப் புதிதாக ஒன்று எழுதினார். பழையதை மட்டும் தனியாகக் கொடுத்தால் அது இவளை மேலே தூக்கிவிடும், அப்புறம் விழும் விழுகையில் காப்பாற்ற முடியாமல் போகலாம் என்று அவன் முகத்தைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார். மாத்திரையை அவள் கையில் விடவேண்டாம், வீட்டுக்காரரே வைத்திருந்து கொடுக்கட்டும் என்றார்.

அவனும் தினம் தவறாமல் கொடுத்தான். தொண்டையில் சிக்கும் என்று சொல்லி, நான்காக உடைத்து, டம்ளர் தண்ணீரோடு. அந்தக் கரிசனத்துக்காக அவள் அவனிடம் நன்றிகூடச் சொல்லியிருந்தாள்.

இப்போது அவன் வீட்டில் இல்லை. ஆணியில் மாட்டிய அவன் சட்டைப் பையில், மாத்திரையைப் பூட்டி வைக்கும் பீரோவின் சாவி இருந்தது. எடுத்துத் திறந்தாள்.

புது மாத்திரை அட்டையில் ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அதன் அடியில் பழைய அட்டை. ஒன்பது குழிகள் காலி.

எண்ணியதில் தப்பிருக்குமோ என்று மறுபடி எண்ணினாள். ஒன்பது.

விழுப்புரம் போகவேண்டும். இப்போதே பஸ் ஏறவேண்டும். அப்போதுதான் வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தரையில் இழுக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று. நிற்கவே இல்லை.

முன்னறையில் சவுரியம்மாள் தலை சீவி, பண்டிகைப் புடவை கட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு இருதயமேரி பாய்களை விரித்துக்கொண்டிருந்தாள். "போன வாட்டி என்ன கண்டுக்காம வுட்டுட்ட. இந்த வாட்டி மொத ஆளு நான்தான், சொல்லிட்டேன்" என்று சிரித்தாள்.

அமிர்தசாமி கடைசி நாற்காலியோடு உள்ளே வந்தான். ஜெசி அட்டையை நீட்டினாள்.

"டாக்டரம்மா சொன்னத நீங்களும் கேட்டீங்க இல்ல?"

அவன் மறுக்கவில்லை. "கேட்டதாலதான் ஜெசி. நாலு வருசமா உபவாசம் இருந்தோம், நேந்துக்கினு பாத்தோம். அந்த அருள எப்டி திரும்ப வரவெக்கிறதுன்னு தெரியாம கெடந்தோம். அந்தம்மாதான் வழி சொன்னாங்க."

"அப்பறம் நான் செத்துடுவேங்க."

பதில் கீழே மாமியாரிடமிருந்து வந்தது. "இருபது நாளு போதும்டி. என்ன நடக்கவுட்டுட்டு அப்பறம் நீ படுத்துக்க. யாரு வேணான்னா?"

ஜெசி வாசலுக்கு ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. படியிலிருந்து தெருமுனைவரை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊன்றுகோல்கள். கட்டுப்போட்ட கால்கள். மடியில் கிடத்திய குழந்தைகள். கால் வைக்க இடமில்லை. அத்தனை பேரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். வேர்வை வாசனை. தைல வாசனை.

பயம் போகக்கூடாது. பயம் இருக்கிறவரைக்கும் அவள் அவளாக இருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு தனக்குள் சொன்னாள். பதினான்கு மாதம். சுவர். விழுப்புரம் பஸ். பதினான்கு மாதம். சுவர்.

சுவர்.

அந்தச் சொல் வேடிக்கையாக இருந்தது. வாய்க்குள் உருட்டிப் பார்த்தாள். வேண்டாம் என்று நினைத்தாள். வேண்டாம் என்பதும் வேடிக்கையாக இருந்தது. வயிற்றிலிருந்து ஏதோ வெதுவெதுப்பாக ஏறியது. நெஞ்சு. தொண்டை. பயம் எங்கே என்று தேடினாள். கிடைக்கவில்லை.

திரும்பி வந்து அமிர்தசாமி முன்னால் உள்ளங்கையை விரித்தாள்.

"ஒடைக்காத குடுங்க" என்றாள். "ரெண்டா குடுங்க."

காலடியில் உட்கார்ந்திருந்த சவுரியம்மாள் ஜெசியின் புடவையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, முட்டி மளுக்கென்று சத்தம் போட, அவள் இடுப்பைப் பற்றி, தோளைப் பற்றி, அவள்மேல் ஏறுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நின்றாள். ஜெசி சிரித்துக்கொண்டே அசையாமல் நின்று கொடுத்தாள்.