பொழுது இறங்காத வாசல்

தேவகி விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. எண்ணெய் வற்றித் திரி கருகும் நெடி கூடமெல்லாம் பரவ, மறுபடி ஊற்றினாள், அதுவும் வற்றிவிட்டது. வெளியே மட்டும் அதே செம்மண் வெளிச்சம். களத்தில் காயப்போட்ட மல்லாட்டைக் கடலையின் மேல் தென்னையின் நிழல் முதலில் எங்கே விழுந்ததோ அங்கேயே கிடந்தது. கரும்புத் தோட்டத்துக்கு மேலே பாதி மூழ்கிய சூரியன் இறங்குவேனா என்று நின்றது.

பனமலை ஏரியை ஒட்டி, மேற்குப் பார்த்த வீடு. விளக்கு வைத்தால் வாசற்கதவைத் திறந்து, பின்பக்கத் தோட்டத்துக் கதவைச் சாத்தவேண்டும். லட்சுமி வரும் வேளை. இருட்டிய பிறகே வாசலைச் சாத்தலாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தேவகி இதில் ஒருநாளும் தவறியதில்லை.

மகள் கலைப்பிரியா வெளிப்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். விழுப்புரம் காலேஜில் இயற்பியல் படிக்கிறவள். மத்தியானம் மல்லாட்டை உடைத்தபடி ஏதோ கிரகங்களைப் பற்றிச் சொன்னாள்.

"நிலா நமக்கு ஒரு பக்கத்தையே காட்டிக்கினு சுத்துதுல்ல, அந்தக் கிரகமும் அந்த மாதிரிம்மா. சூரியனப் பாத்த பக்கம் எப்பவும் பகலு, பின்னாடி எப்பவும் ராத்திரி. நடுவுல ஒரு பட்டை, அங்க பொழுது சாயும், ஆனா முடியவே முடியாது. உயிருன்னு ஏதாவது இருந்தா அங்கதான் இருக்குமாம்."

"அப்ப அங்க வாசக்கதவச் சாத்தவே மாட்டாங்களா?" என்றாள் தேவகி. இருவரும் சிரித்தார்கள். இப்போது தேவகி மறுபடி வாசலுக்கு வந்து சூரியனைப் பார்த்தாள்.

மல்லாட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போயிருந்த கணவன் சுகுமாருக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க? இங்க இன்னும் பொழுது போவல."

"இன்னா சொல்ற? இங்க எப்பவோ இருட்டிப்போச்சி. பேஜாரு புடிச்ச குளிரு. வெரலு மடங்கல. ரோட்டுல வண்டிலாம் அப்படியே நிக்குது." பற்கள் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. "புள்ளய உள்ள கூப்ட்டுக்கினு கதவச் சாத்து. ஜல்தி."

பிறகு பேச்சில்லை. போன் துண்டிக்கப்படவும் இல்லை.

தோட்டத்துக் கதவின் அடியிடுக்கில் நுழைந்த குளிர்காற்று, அவள் கணுக்காலைத் தடவிக்கொண்டு வாசலை நோக்கி ஓடியது. ஒரு நிமிஷம்கூட ஓயாத காற்று. பறவைச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

"அம்மா, கதவச் சாத்திடலாம்மா," என்றாள் கலைப்பிரியா, திரும்பாமலே. "கரும்புக்குள்ள என்னமோ வருது."

தேவகிக்கும் பயம்தான். ஆனாலும் வாய் பழகியதைச் சொன்னது.

"விளக்கு வெச்ச நேரத்துல சாத்தக்கூடாதுடி. இருட்டட்டும்."

"இது இருட்டாதும்மா."

தேவகி எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க உள்ளே திரும்பினாள். பின்னால் கரும்புத் தோகை காற்றுக்கு எதிராகச் சாய்ந்து உரசியது. களத்தில் மல்லாட்டை நொறுங்கியது. மெல்ல. மறுபடியும். நீளமான ஒரு நிழல் படியேறி, கூடத்துத் தரையில் அவள் காலடி வரை வந்தது. திரும்பிப் பார்த்தாள். நிழலுக்குரியவர் யாரும் இல்லை.

மகள் மட்டும் இருந்தாள்.

"எழுந்து உள்ள வா."

கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். முதுகைத் தொட்டாள். உறைந்த குளிர். தோளைத் தாண்டி முன்னால் போன விரல்களை வெப்பம் சுட்டது.

முகத்தைப் பார்க்கவேண்டும். படியிறங்கி முன்னால் போனாள். சடை. கனகாம்பரம் வைத்த அதே சடை. திரும்பிக்கொண்டாள்போல என்று நினைத்தாள்.

அந்தப் பக்கம் போனாள். சடை.

"கலை, அம்மாவப் பாருடி."

"பாத்துக்கினுதான இருக்கேன்."

குரல் சடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. குரலுக்குப் பக்கத்தில் இன்னொன்று மூச்சு விட்டது.

உள்ளே விளக்கு அணைந்தது. வெளிச்சம் குறையவில்லை. கதவு திறந்தே கிடக்க, தேவகி தன் மகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எந்தப் பக்கம் போனாலும் சடைதான்.