ஏகநாதன் கண் திறந்த காடு

கற்பூரம் அணைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. 2004 மே மாதம், தாம்பரம் பொருட்காட்சியின் தகரக் கொட்டகைக்குள் எழுப்பிய அமேசான் மழைக்காட்டில், நடுப்பகலில், சுதையால் செய்த சிறுத்தைக்கு வேர்த்திருந்தது.

ஏகநாதன் துடைத்துப் பார்த்தார். விலா வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் கோயில்களுக்குச் சாமி சிலை செய்கிறவர். அஸ்தினாபுரத்திலிருந்து மனைவி ஜெயக்கொடியோடு வந்து நாற்பது மிருகங்களைச் செய்து முடித்திருந்தார். அன்று காலை, கைப்பழக்கத்தில், காவல் தெய்வத்துக்குச் சொல்லும் மந்திரத்தை முணுமுணுத்தபடியே எல்லாவற்றுக்கும் கண் திறந்துவிட்டார். திறந்த கண் முதலில் கண்ணாடியில் தன்னைத்தான் பார்க்க வேண்டும். மனிதரைப் பார்த்தால் மனிதர் தாங்கமாட்டார். அதனால் அவர் எப்போதும் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றே தீட்டுவார். கண்ணாடி பிடிப்பது ஜெயக்கொடி. அன்று கண்ணாடி வீட்டிலேயே தங்கிவிட்டது. அவளோ எதிரில் நின்று பிளாஸ்டிக் கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“கொரங்குக்கு இன்னாத்துக்கு மந்திரம்? வரம் குடுக்கப் போவுதா?” என்று சிரிக்கவும் சிரித்தாள்.

“இன்னா மேஸ்திரி, உள்ள போன அக்காவ இன்னும் காணோம்?” என்று காண்ட்ராக்டர் லோகநாதன் வாசலிலிருந்து கேட்டார். “நாலு மணிக்கு ஜனம் வந்துரும்.”

“கூட்டிகினு வரேன்.”

குழாயிலிருந்து செயற்கை மழை தகரத்தில் பட்டுச் சொட்ட, பெயின்ட் வாடைக்கு அடியில் நனைந்த ரோமத்தின் நாற்றம் மெல்லக் கிளம்ப, டேப்பில் ஓடிய சிள்வண்டுச் சத்தம் காதை அடைக்க, துணி இலைகளை விலக்கி விலக்கி அவர் உள்ளே நடந்தார். பாதி வழியில் கரண்ட் போனது. மழை நின்றது. டேப்பும் நின்றது.

சிள்வண்டுகள் நிற்கவில்லை.

“ஜெயக்கொடி.”

சிறுத்தை நின்ற மேடை காலி. குரங்குகளின் கிளை காலி. இலைகளுக்குப் பின்னால் மூச்சு. ஒன்றல்ல. நிறைய.

கொட்டகை நடுவில் செய்து வைத்திருந்த ஆலமரத்தடியில் அவள் நின்றாள். கையில் பாதி கட்டிய கொடி. சுற்றிலும் நாற்பது மிருகங்கள், பந்திக்கு உட்கார்ந்ததுபோல. அவளைத் தொட்டார். ஈரச் சுதை. முகத்தில் கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று மூடிக்கிடந்தது.

வாய் மட்டும் அசைந்தது.

“இன்னாங்க, ஒண்ணும் தெர்ல. தொறந்து வுடுங்க.”

சட்டைப் பையில் தூரிகை இருந்தது. கண்ணாடி இல்லை. ஓடிவிடலாம். ஒதுங்கி நின்றும் தீட்டலாம். அப்படியென்றால் அவள் முதலில் பார்ப்பது அந்த நாற்பதைத்தான்.

நேர் எதிரே போய் நின்றார். ஒரு கண். மறு கண்.

அவள் பார்த்தாள்.

அவர் விரல் நுனியிலிருந்து சுதையின் வெள்ளை ஏறத் தொடங்கியது. மிருகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசல் பக்கம் திரும்பின.

அந்தக் கொட்டகைக்குள் அப்போது இருந்தவர்கள் அவர்கள் இரண்டே பேர். இருவரும் அதற்குப்பின் எவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.