பின்சீட்டின் வலது பக்கம்

டார்லீன் ஹெய்க்கினன் தன் காரை என் பட்டறைக்குக் கொண்டுவந்தது ஒரு வருடத்தில் அது நான்காவது முறை. ஜனவரி மாதம், காலை பத்து மணி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சுப்பீரியர் ஏரிக்கரையில் அது ஒரு செய்தியே இல்லை.

"இன்னொண்ணும் போச்சு, ஆர்விட். பின்னாடி வலது பக்கம். அதே எடம்தான்."

குனிந்து பார்த்தேன். மாட்டி ஆறு வாரம்கூட ஆகவில்லை. வெளி ஓரம் புத்தம் புதிதாக இருந்தது. உள் ஓரம் தேய்ந்து கம்பி தெரிந்தது.

"மூணு தடவ சரி பண்ணிட்டேன்னு சொன்ன. ஸ்கூல்ல கணக்குப் பரீட்சை எழுதிட்டு வந்தும் இதையேதான் சொல்லுவ."

நாங்கள் ஒரே வகுப்பில் படித்தவர்கள், கேலி செய்ய அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் அன்று அவள் சிரிக்கவில்லை. ஏரிக்கரைச் சாலையில் தனியாக வாழும் முதியவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ் அவள். முந்தின நாள் கார் பின்பக்கம் வழுக்கிச் சுழன்று, எதிரே வந்த மரம் ஏற்றிய லாரிக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருக்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அடுத்த முறை போகாது. சரியாகிவிட்டது என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தவன் நான்.

"காபி ஊத்திக்கோ, உக்காரு," என்றேன். ஹீட்டர் பக்கத்தில், பழைய வேனிலிருந்து கழற்றிய நீளமான சீட் ஒன்று வருகிறவர்களுக்காகக் கிடக்கிறது. அவள் உட்காரவில்லை.

"சத்தம் எப்ப வருது?"

"சுரங்கத் திருப்பத்துல ஆரம்பிக்குது. டொக்குனு ஒண்ணு. அப்புறம் கிரீச். யாரோ நெளிஞ்சு உக்கார்ற மாதிரி."

சுரங்கத் திருப்பம் என்பது ஊருக்கு வெளியே, பழைய சுரங்கத்தின் வாசலில் சாலை வளையும் இடம். காரை லிஃப்டில் தூக்கினேன். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ரப்பர் புஷ் எல்லாம் நானே மாட்டியவை. கடப்பாரையால் ஒவ்வொன்றையும் நெம்பிப் பார்த்தேன். எதுவும் ஆடவில்லை. குறை என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

இறக்கினேன். சக்கரங்கள் தரையைத் தொட்டன, கார் மெல்ல அமர்ந்தது.

வலது பின்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

டொக்.

நாங்கள் இருவருமே காருக்கு வெளியில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

டேப் வைத்து அளந்தேன். இடது பக்கத்தைவிட இரண்டு விரல் தாழ்வு. ஒரு பக்கம் மட்டும் பாரம் அழுத்தினால் டயர் உள் ஓரத்தில்தான் தேயும். குளிர்காலத்தில் கார் வழுக்காமலிருக்க எங்கள் ஊரில் டிக்கியில் மணல் மூட்டை போட்டுக்கொள்வோம். அது ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும் என்று நினைத்து டிக்கியைத் திறந்தேன். காலி.

பின்கதவைத் திறந்தேன். ஈரக் கம்பளியின் வாடை வந்தது. வலது பக்கம் சீட் குழிந்திருந்தது. கையை நீட்டினேன். குழிக்கு ஒரு சாண் மேலேயே விரல்கள் விறைத்துப்போயின.

"டார்லீன்," குரல் தானாகத் தாழ்ந்தது. "இது எப்ப ஆரம்பிச்சுது?"

"போன பிப்ரவரி." அவளும் கிசுகிசுத்தாள். "பனிப் புயல் அடிச்சுது. சுரங்கத் திருப்பத்துல ஒருத்தர் நிக்கிற மாதிரி இருந்துச்சு. விட்டுட்டு எப்படிப் போறது? முன்சீட்ல மருந்துப் பெட்டி. அதனால எறங்கிப் பின்கதவத் திறந்து, ஏறுங்கன்னேன். யாரும் வரல. மூடிட்டு வந்துட்டேன்."

குழிந்த சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"யாரும் ஏறல, ஆர்விட்."

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குளிரில் நிற்பவரைத் தாண்டிப் போகிறவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்க மாட்டார்கள். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

"ஏத்துன எடத்துலயே எறக்கி விட்டுருவோம்," என்றேன். பேயாவது பிசாசாவது என்று முப்பது வருடம் பேசிய வாய் அது.

புது டயர் மாட்டிக் கிளம்பினோம். அவள் ஓட்டினாள். பின்னால் காட்டும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டிருந்தாள். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. பின் வலது ஜன்னலில் மட்டும் உள்பக்கமாகப் பனி படர்ந்துகொண்டே வந்தது.

ஒவ்வொரு வளைவிலும் டொக். கிரீச்.

சுரங்கத் திருப்பத்தில் நிறுத்தினாள். நான் இறங்கிப் பின்கதவைத் திறந்து பிடித்தேன்.

"எறங்குங்க. உங்க எடம் வந்துருச்சு," என்றாள் டார்லீன், முன்னால் பார்த்தபடியே, நோயாளிகளிடம் பேசும் குரலில்.

ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு சீட் ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக விடுபட்டன. கார் இரண்டு விரல் உயர்ந்தது. என் தோளை ஈரக் கம்பளி உரசிக்கொண்டு போனது. பனியில் ஒரு காலடித் தடமும் விழவில்லை.

உயிர் வந்தது எனக்கு. அந்த நிம்மதியில் கதவைச் சாத்தும்போது, யாரை வழியனுப்பினாலும் நாங்கள் சொல்வதை என் வாய் சொல்லிவிட்டது. பழக்க தோஷம்.

"அந்தப் பக்கம் வந்தா பட்டறைக்கு வாங்க. காபி எப்பவும் இருக்கும்."

டார்லீன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"யார்கிட்ட சொன்ன?"

திரும்பும் வழியில் எந்தச் சத்தமும் இல்லை. கார் நான்கு சக்கரத்திலும் சமமாக நின்றது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டு வேலைக்குப் போனாள். இனி அவளுக்கு ஒன்றும் ஆகாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டறையைத் திறந்தேன். நல்ல வெளிச்சம். காபி போட்டேன். ஹீட்டர் சூடேறச் சூடேற, ஈரக் கம்பளியின் வாடை எழுந்தது.

வேன் சீட் நடுவில் குழிந்திருந்தது.

டார்லீனாவது வழியில் ஏற்றியவரை வழியிலேயே இறக்கிவிட்டாள். நான் என் இடத்துக்கே அழைத்திருக்கிறேன். அழைத்து வந்த விருந்தாளியைப் போகச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கோப்பையில் காபி ஊற்றிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

டொக். கிரீச்.

நடுவில் இருந்த குழி மெல்ல வலது ஓரத்துக்கு நகர்ந்தது. நான் உட்கார இடம் விட்டு.