தண்ணீரைத் திறந்து விடுதல்

மோகனராஜ் எழுந்தான். முகம் கழுவினான். கேத்தலை அடுப்பில் வைத்தான். பாணில் இரண்டு துண்டு வெட்டி, நின்றபடியே சாப்பிட்டான். சட்டையை அயர்ன் பண்ணினான். கதவருகே இரண்டு ஆணிகள். ஒன்றில் அவனுடைய குடை தொங்கியது. மற்றது வெறும் ஆணி.

குடையை எடுக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. டொக்டர் றிஸானா இறங்கினார். திகனவில் அவருடைய பல் கிளினிக்கில்தான் அவன் மனைவி சிந்துஜா உதவியாளராக இருந்தாள். அவளுடைய மரண வீட்டுக்குப் பிறகு அவர் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

அவர் உட்காரவில்லை. சில மாதங்களாக, தான் அடைக்கும் பற்களில் அடைப்பு நிற்பதில்லை என்றார். ஒரு டீச்சரின் முன்பல் அடைப்பு பாடம் நடக்கும்போதே விழுந்து, பிள்ளைகள் மேசைக்கடியில் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சிந்துஜாவின் இடத்துக்கு லோஜினி என்ற பெண் வந்த பிறகுதான் இந்தக் கரைச்சல். பல்லில் அடைப்பை ஒட்டும் பசையை அவள் வெளியே விற்றுவிட்டு, போத்தலில் வேறு எதையோ ஊற்றி வைப்பதாக ஆட்கள் பேசிக்கொண்டார்கள்.

"இண்டைக்கு அவள நிப்பாட்டப் போறன், தம்பி. பொலிஸுக்கும் சொல்ல வேண்டி வரும். அதுக்கு முந்தி நீங்க ஒருக்காப் பாத்தா என்ட மனசு ஆறும்."

மோகனராஜ் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இழப்பீட்டு விசாரணை செய்பவன். நடந்ததையும் சொல்லப்பட்டதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவன் வேலை. போகாமலிருக்க ஒரு காரணம் தேடினான். கிடைக்கவில்லை.

கூட வேலை செய்யும் ஹபீல் மோட்டார் சைக்கிளில் கூட்டிப் போனான். குண்டசாலையைத் தாண்டுவதற்குள் அவன் வழக்கை முடித்துவிட்டான். பசையை மாற்றியிருக்கிறாள், வேறென்ன, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம் என்றான்.

லோஜினி தெல்தோட்டைக்காரி. அழுது முகம் வீங்கியிருந்தது. இந்தப் பெயரோடு வெளியேறினால் வேறு எந்தக் கிளினிக்கும் தன்னைச் சேர்க்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நான் எதையும் மாத்தலைங்க சார். சிந்துஜா அக்கா செஞ்ச மாதிரியே செய்யச் சொன்னாங்க. காலையில வந்ததும் தண்ணி தொறந்து விடுவேன். சாமானெல்லாம் அவிப்பேன். கதிரைய துடைப்பேன். அவ்வளவுதான்."

அந்தப் பெயரைக் கேட்டதும் மோகனராஜ் சன்னல் பக்கம் திரும்பினான். பிறகு, இதே போத்தலை வேறெங்காவது பாவித்தீர்களா என்று டொக்டரிடம் கேட்டான். போன மாதம் தெல்தோட்டையில் நடந்த இலவச முகாமுக்குக் கொண்டு போனதாகச் சொன்னார். அங்கே செய்த அடைப்பு ஒன்றும் விழவில்லை. அங்கே காற்றடிக்கும் மெஷின் இல்லை, கையால் அமுக்கும் ரப்பர்ப் பந்தால் ஊதித்தான் பல்லைக் காய வைத்தார்கள்.

"அப்ப போத்தல் நிரபராதி," என்றான் ஹபீல். குரலில் ஏமாற்றம். உடனே அடுத்ததைப் பிடித்தான். "எச்சில் பட்டிருக்கும், மோகன் அண்ணே."

டொக்டருக்குக் கோபம் வந்தது. பல்லில் ஈரம் மிஞ்சினால் பசை பிடிக்காது என்பது தனக்குத் தெரியாதா என்றார். பஞ்சு வைக்கிறார், எச்சிலை உறிஞ்சி எடுக்கிறார், கடைசியில் காற்றடித்துக் காய வைக்கிறார்.

மோகனராஜ் வாய்க்குள் பார்க்கும் சிறிய கண்ணாடியை நீட்டினான். "இதில் அடியுங்கள். காற்று மட்டும்."

அடித்தார். கண்ணாடியில் பொடிப்பொடியாகத் துளிகள். துடைத்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடியும் துளிகள்.

பின்புறத் தகரக் கொட்டகையில் காற்றை நிரப்பும் கொம்பிரசர் நின்றது. வெளியே ஒரு வாரமாக மழை. கொட்டகைக்குள், கொம்பிரசரின் காற்று அடைபடும் தாங்கிக்குக் கீழே சீமெந்தில் வட்டமாகப் பாசி படர்ந்திருந்தது. அவன் குந்தித் தொட்டான். பாசி காய்ந்து உதிர்ந்தது.

"காலையில் எந்தத் தண்ணீரைத் திறப்பீர்கள்?"

லோஜினி சுவரோரக் குழாயின் பெரிய திருகைக் காட்டினாள். கிளினிக்குக்குத் தண்ணீர் வருவது அதில்தான். காலையில் தண்ணீர் திறந்து விடுவேன் என்றுதான் சிந்துஜா சொல்வாள், அதையே லோஜினியிடம் சொன்னேன் என்றார் டொக்டர்.

மோகனராஜ் தாங்கியின் அடியிலிருந்த சிறிய திருகைத் திருப்பினான். பழுப்புத் தண்ணீர் சீறியது. துரு மணத்தது. நெடுநேரம் ஓடியது.

"காற்றை அமுக்கும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி அடியில் தங்கும்," என்றான். "தினமும் வெளியே விடாவிட்டால் காற்றோடு பல்லுக்குப் போகும். நீங்கள் காய வைக்க அடித்த காற்றேதான் பல்லை நனைத்திருக்கிறது. அவள் இருந்தபோது இந்தத் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டாள். நீங்கள் உள்ளே விடுவதாக விளங்கிக்கொண்டீர்கள். அவள் விட்ட தண்ணீரில்தான் இந்தப் பாசி வளர்ந்தது. லோஜினி தனக்குச் சொன்னதைத்தான் செய்தாள். சொன்ன சொல்தான் பிழையாய்ப் போனது."

டொக்டர் லோஜினியின் கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்கும் வரவேண்டும் என்றார். அவள் தலையாட்டிவிட்டு அழுதாள்.

ஹபீல் மோட்டார் சைக்கிளைக் கிளப்பவில்லை. பல் கிளினிக் வேலை ஒன்றும் தெரியாத ஆளுக்கு, எந்தத் தண்ணீர் என்று கேட்க எப்படித் தோன்றியது என்றான்.

மோகனராஜ் வீதியைப் பார்த்தான். பஸ் தரிப்பிடம் எதிர்ப் பக்கத்தில் இருந்தது. அன்று அவள் அங்கே இறங்கி இந்தப் பக்கம் கடந்தபோதுதான் லொறி வந்தது. அன்றும் மழை. மழை விட்ட பிறகு போ, அங்கே தண்ணீர் திறக்க வேறு ஆள் இல்லையா என்று காலையில் வீட்டில் அவன் கேட்டிருந்தான். அவள் குடையை விரித்துக்கொண்டே சொன்னதில் பாதி அவனுக்கு அன்று விளங்கவில்லை.

"நான் போய்த் தொறந்து விடணுங்க. இல்லாட்டி ஒண்ணுமே ஒட்டாது."