கழித்த குரல்

உயிரறிவானின் முன் உட்கார்ந்த முதல் நாளே, அஞ்சுகம் உயிரோடு இல்லை என்று அது சொல்லிவிட்டது.

"கணக்கு தொடங்க இயலவில்லை. இது மனிதர் அல்ல, பதிவு செய்த குரல்" என்று சாந்தமாக அறிவித்து, சான்றறையின் கதவைத் திறந்துவிட்டது.

வெளியே சேவை மையத்துப் பெண் ஷர்மிளா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "மூணு தடவையும் ஒரே மாதிரி சொல்லியிருக்கீங்கம்மா. மூச்சு விட்ட இடம்கூட மாறல."

"நடந்ததை வேற எப்படிம்மா சொல்றது?"

ஓய்வூதியக் கணக்கை இணையத்தில் தொடங்க அந்நாளில் கையெழுத்து செல்லாது, கைரேகை செல்லாது. செத்தவர்களின் ரேகையையும் முகத்தையும் குரலையும் பிள்ளைகளே வார்த்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓய்வூதியம் வாங்கியதால் வந்த வினை. உயிருள்ள எவரும் ஒரு நினைவை இரண்டு முறை ஒரே மாதிரி சொல்வதில்லை. அந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல் கட்டிய இயந்திரம்தான் உயிரறிவான். மறக்க முடியாத நாள் ஒன்றை மூன்று முறை கேட்கும். சொல்வது மாறினால் உயிர். மாறாவிட்டால் பதிவு.

அஞ்சுகமோ முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில் சந்திப்பில் அறிவிப்பாளராக இருந்தவள். ஆயிரம் முறை சொன்னாலும் ஒரே குரல், ஒரே இழுவை. பாவம், மனசுக்குள் பேசுவதும் அப்படியே படிந்துபோயிருந்தது. கணவர் தணிகாசலம் இறந்த நாளை எவரிடமும் சொல்லாமல், தினமும் தனக்குள்ளே சொல்லிச் சொல்லிக் காத்துவந்தாள். அந்த அறைக்குள்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னாள்: "பகல் ஒண்ணு பத்து. சாப்பாட்டுத் தூக்கை நீட்டினாரு. 'மோர் தனியா இருக்கு, கொட்டிடாத'ன்னாரு. அப்படியே பெஞ்சுல சாஞ்சாரு."

"இன்னும் ஒரு வாய்ப்புதாம்மா," என்றாள் ஷர்மிளா. "இனிமே எப்பத் தவறினாலும் நேரா இறந்தவங்க பட்டியல்தான். ரேஷன், மருந்து, வீட்டுக் கதவு, எதுவும் உங்களுக்குத் திறக்காது."

முன்பே சான்று வாங்கிவிட்டுத் துணைக்கு நின்ற சௌரியம்மாள், ஓய்வுபெற்ற நர்ஸ், தோழியை முழங்கையால் இடித்தாள். "அடி போடி, அரிச்சந்திரன் தங்கச்சி! நான் என் கல்யாண நாளைச் சொன்னேன். ஒரு தடவை மழை, ஒரு தடவை வெயிலு, மூணாந் தடவை மாப்பிள்ளையையே மாத்திட்டேன். நூறாண்டு வாழ்கன்னு வாழ்த்திச்சு அந்த மிஷினு!"

அஞ்சுகம் மறுபடி உள்ளே போனாள். மோரை ரசமாக்கினாள். அடுத்த முறை மழையைக் கொண்டுவந்தாள். மூன்றாவதில், "சீக்கிரம் வந்துடு" என்று அவரைச் சொல்லவைத்தாள். நாக்கு கூசியது.

"நீங்கள் உயிருடன் இருக்கிறீர்கள். கணக்கு தொடங்கப்பட்டது."

மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும். மாதந்தோறும் மூன்று முறை. ஊரிலிருந்த முதியவர்கள் எல்லாரும் அப்படித்தான் உயிர் வாழ்ந்தார்கள். மூத்த பிள்ளை எந்த ஊரில் பிறந்தான் என்று கேட்டால், கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சௌரியம்மாள் ஒருநாள் தன் புருஷன் பெயரைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

இரண்டாம் ஆண்டு, வெளியூரிலிருந்து மகன் கதிரேசன் கூப்பிட்டான். "அம்மா, நாளையோட எனக்கு அப்பா போன வயசு. இத்தன வருஷம் கேக்க மனசு வரல. அவரு கடைசியா என்னம்மா சொன்னாரு?"

வாயைத் திறந்தாள். மழை வந்தது, வெயில் வந்தது. எழுபது எண்பது வாக்கியங்கள், எல்லாம் அவர் குரலிலேயே வந்தன. ஒன்றுகூடப் பொய்யாகத் தோன்றவில்லை.

"நாளைக்குச் சொல்றேன் தம்பி."

விடிந்ததும் ஷர்மிளாவிடம் போய் நின்றாள். "மொத மொத நான் சொன்னேனே, மிஷினு கழிச்சுப் போட்டது, அதை ஒரு தடவை கேக்கணும்மா."

"அது இறந்தவங்க பெட்டகத்துல இருக்கும்மா. வாரிசுக்குத்தான் குடுப்பாங்க."

"எப்போ?"

"நீங்க இறந்தவங்க பட்டியல்ல ஏறின அன்னைக்கே அவங்களுக்குத் தானாப் போயிடும். ஏம்மா, காலங்காத்தால என்ன பேச்சு இது?"

அஞ்சுகம் சான்றறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உயிரறிவான் கேட்டது. கட்டிய கதைகளில் வாய்க்கு வந்த ஒன்றைச் சொன்னாள். மீண்டும் கேட்டது. ஒரு சொல் பிசகாமல் மீண்டும் சொன்னாள்.

"மூன்றாவது முறையாகச் சொல்லுங்கள்."

கதிரேசன் பெட்டகத்திலிருந்து வரும் குரலைக் கேட்டுவிட்டு, நேரில் வந்து தனக்கும் ஒருமுறை அதைச் சொல்வான் என்று நினைத்துக்கொண்டு, வாயைத் திறந்தாள்.