நீலம் ஏறிய கால்

புகழேந்தியின் இடது கால் சுண்டுவிரல் நீலமாக இருந்தது. இங்க் பட்டுவிட்டது என்று நினைத்து உண்ணாமலை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. தொடை வழியாகக் கம்பி விட்டு இதய அடைப்பை எடுத்துவிட்டு வீடு வந்த கணவனை, மூன்று பௌர்ணமி வெறுங்காலோடு கிரிவலம் நடக்க வைப்பதாக வேண்டிக்கொண்டவள் அவள். முதல் பௌர்ணமி முந்தாநாள்தான் முடிந்திருந்தது. தார் ரோட்டில் கல் குத்தியிருக்கும் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டாள்.

சில நாளில் பக்கத்து விரல்களும் நீலம். தெருமுனை மருந்துக்கடை பிரசாத் வந்து பாதத்தை அழுத்திப் பார்த்தான். "கால் சூடா இருக்குதுக்கா, நாடியும் நல்லா துடிக்குது. ரத்த ஓட்டம் கம்மியில்ல."

அந்தச் சொல்லை உண்ணாமலை கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ரத்தப் பரிசோதனைக்கு வரச்சொன்ன நாளையும் தள்ளிப்போட்டாள். வேண்டுதல் முடியும்வரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். அண்ணாமலையார் அப்படி எதுவும் கேட்கவில்லை, எல்லாம் இவளாகப் போட்டது.

அடுத்த பௌர்ணமியும் வந்தது. பொழுது சாயும்போதே செங்கம் ரோட்டில் கூட்டம் இறங்கிவிட, ஆயிரமாயிரம் வெறுங்கால்கள் தரையில் உரசும் சத்தம் ஜன்னல் வழியே ஓயாமல் வந்துகொண்டிருந்தது. கற்பூர வாசனைக்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது, அது புகழேந்தியின் வாயிலிருந்து வந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. வேட்டியை விலக்கிப் பார்த்தாள். முழங்கால்வரை தோலுக்கடியில் ஊதா நிறத்தில் வலை பின்னியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். டாக்டர் வினோதினி, காலைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேசினார்.

"கம்பி போறப்ப ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டியிருந்த கொழுப்பு உதிர்ந்திருக்கலாம்மா. அது தூளாகிப் போய் கால் விரல், கிட்னி எல்லாத்தயும் அடைக்கும். நாடி நல்லாத்தான் இருக்கும், அத நம்பாதீங்க. யூரின் போறாரா?"

"இருங்கம்மா, பாக்கறேன்."

அவள் சொல்ல, புகழேந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனான். கதவைச் சாத்தினான். போனைக் காதில் வைத்தபடி வெளியே நின்றாள். சளசளவென்று நீண்ட சத்தம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"போறாரும்மா! நல்லா போறாரு!"

"இருந்தாலும் இப்பவே கூட்டிட்டு வாங்க."

காலையில் வருகிறோம் என்று வைத்துவிட்டாள். இவன் நடக்க முடியாவிட்டால் ஆட்டோவிலாவது மலையைச் சுற்றிவிடலாம் என்று மனம் அதற்குள் வழி தேடியது.

அவன் மறுபடி பாத்ரூம் போனான். அதே சத்தம். திரும்பி வந்து படுத்தான், புரண்டான், காலைச் சொறிந்தான், எழுந்தான். மறுபடி போனான்.

அதே சளசளப்பு. அதே நீளம்.

அவள் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். உட்கார முடியவில்லை. தண்ணீரே குடிக்காதவனுக்கு இவ்வளவு எங்கிருந்து வருகிறது? காலையில் கட்டிய வேட்டி இடுப்பில் இறுகிக் கிடந்ததே. முகமும் ஊதியிருந்ததே.

"இன்னாங்க?"

உள்ளே சத்தம் மட்டும்.

"இன்னாங்க, கதவ தொறங்க."

தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளினாள்.

அவன் ஈரத்தரையில் குந்தியிருந்தான். வேட்டி அவிழ்ந்து கிடந்தது. ஊதா வலை இடுப்பைத் தாண்டி வயிற்றில் ஏறியிருந்தது. கையில் சொம்பு. வாளியில் மொண்டு, உயரத் தூக்கி, மெல்ல, மிக மெல்லத் தரையில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு நாளா ஒரு சொட்டு வரல, உண்ணாமல." வீங்கிய முகம் அவளைப் பார்த்துச் சிரித்தது. "ஆஸ்பத்திரிக்குப் போனா உன் வேண்டுதல் கெட்டுடும்னுதான்..."

வாளி காலியானது. வெறும் சொம்பை அவன் இன்னும் சாய்த்துப் பிடித்திருந்தான், அவளுக்குக் கேட்கட்டும் என்று.